ஒரே வீட்டு மூன்று மின்விசிறிகள்: ஒன்று உலர்ந்தது, ஒன்று எரிந்தது, ஒன்று பிழைத்தது

மதுரை ஆவணி மூல வீதிகளில் ஒன்றில் இருந்த பழைய வீட்டிலிருந்து வந்த மூன்று சீலிங் ஃபேன்களைப் பற்றிய பதிவு இது. மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். ஏறக்குறைய ஒரே வயது. மூன்றையும் மூன்று விதமாகச் சரிசெய்ய நேர்ந்ததால், எந்த முறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. இப்படி ஒரு வாய்ப்பு சேகரிப்பாளர்களுக்கு அபூர்வமாகத்தான் அமையும். சம்பந்தப்பட்டவர்களின் விருப்பப்படி பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். அளவுகளை எடுத்தது நான். ஐ.டி.ஐ.யில் மின்பணியாளர் பிரிவில் பாடம் எடுத்து ஓய்வுபெற்றவன்.

பின்னணி

வீடு முன்னறை, பட்டாசாலை, முற்றம், பின்கட்டு, மேலே ஒரு மச்சு என்று நீளவாக்கில் போகும் பழைய கட்டு. சகோதரர்கள் பாகம் பிரித்துக்கொண்டு இடத்தை விற்க முடிவு செய்தார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே வயரிங்கை மாற்றியபோது மூன்று ஃபேன்களையும் இறக்கிவிட்டுப் புதியவை மாட்டியிருந்தார்கள். இறக்கியவை பின்கட்டில் ஒரு தகரச் சாய்ப்பின் கீழ் கிடந்தன. சாய்ப்பில் ஓட்டை. ஐப்பசி, கார்த்திகை மழை ஒவ்வொரு வருடமும் அவற்றின் மேல் சொட்டியிருக்கிறது.

தை பிறந்ததும் நிலை, கதவு, தூண் எல்லாம் மர வியாபாரிக்குப் போயின. மிச்சம் இருந்த இரும்புச் சாமான்களைப் பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு எடுத்தார். வார்ப்பிரும்பு உடல் கொண்ட ஃபேன், உள்ளே செம்பு என்றால் கடையில் அடுத்து நடப்பது எல்லோருக்கும் தெரியும்: உளியும் சுத்தியலும் எடுத்து ஸ்டேட்டரை, அதாவது மோட்டாரில் சுற்றாமல் நிற்கும், செம்புக் கம்பி சுற்றிய இரும்புப் பகுதியை, உடைத்துக் கம்பியை உருவி விடுவார்கள். அதற்கு முன் சேகரிப்பாளர் அங்கே போய்விட்டார். வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், ஜி.இ.சி., கிராம்ப்டன் பார்க்கின்சன், இத்தாலியின் மரெல்லி, நம் ஊரில் ஜெய் இன்ஜினீயரிங் செய்த உஷா என்று பழைய மோட்டார்களைத் தேடி வாங்குகிறவர். மூன்றையும் எடைக் கணக்குக்கு மேல் கொஞ்சம் கொடுத்து எடுத்துக்கொண்டார்.

அதே குவியலில் கம்பிக் கூண்டோடு ஒரு சின்ன ஃபேனும் கிடந்தது. பலகையில் 110 வோல்ட் டி.சி. என்று இருந்தது, ரயில்பெட்டி ஃபேன். அதை அவர் தொடவில்லை. ஏலச் சீட்டு இல்லாமல் ரயில்வே முத்திரை உள்ள பொருளை வைத்திருப்பதே 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மதுரை ரயில்வே கோட்டத் தலைமையிடம் உள்ள ஊர் என்பதால் இந்த மாதிரி சாமான்கள் இங்கே கண்ணில் படத்தான் செய்யும். புதிதாகச் சேகரிக்க வருகிறவர்கள் இதில் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்காரர்களில் மூத்தவரின் மகன், விற்ற பிறகு சேகரிப்பாளரைத் தேடி வந்தார். "சார், பட்டாசாலைல இருந்த காத்தாடிக்குக் கீழதான் எங்க அப்பத்தா படுத்திருக்கும். அது ஒண்ணு மட்டும் ஓடுற மாதிரி பண்ணிக் குடுக்க முடியுமா? செலவ நான் தர்றேன்" என்றார். அப்பத்தாவுக்கு எண்பதைத் தாண்டிய வயது. இப்போது பேரனோடு கே.கே.நகர்ப் பக்கம் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். சேகரிப்பாளர் ஒப்புக்கொண்டார். ஒன்று அவர்களுக்கு, இரண்டு தனக்கு.

முதலில் கண்டவை

மூன்றுக்கும் 56 அங்குல வீச்சு, மூன்று இறக்கை. பெயர்ப்பலகை நான்கைந்து பூச்சுப் பெயின்டுக்கு அடியில் இருந்தது. துடைத்துப் பார்த்ததில் இங்கிலாந்தில் செய்தது, 220–230 வோல்ட், 50 சைக்கிள் என்று வந்தது. ஹெர்ட்ஸ் என்று எழுதும் வழக்கம் பரவும் முன் செய்தது என்பது அதிலிருந்தே தெரிகிறது. தண்டை மூடும் கிண்ணத்துக்குள் 2 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்.

இனி, தொங்கிய இடத்தை வைத்தே அவற்றைக் குறிப்பிடுகிறேன்: பட்டாசாலை ஃபேன், மச்சு ஃபேன், முன்னறை ஃபேன்.

கையால் சுற்றிப் பார்த்ததில் பட்டாசாலை ஃபேன் கரகரவென்று சுற்றியது. மச்சு ஃபேன் அசையவில்லை. பேரிங்கில் கிரீஸ் இறுகிக் கிடந்தது. முன்னறை ஃபேனைத் திறந்ததுமே காயில் கருகிய வாடை மூக்கில் ஏறியது. மற்ற இரண்டிலும் வந்தது ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்தது போன்ற பூஞ்சை வாடை மட்டும். வாடைக்கு இந்த வேலையில் நான் நிறைய மதிப்புக் கொடுப்பேன். கருகிய காயிலையும் நனைந்த காயிலையும் மீட்டர் வைக்கும் முன்பே மூக்கு பிரித்துச் சொல்லிவிடும்.

சேகரிப்பாளரின் கையில் இருந்தது நியான் டெஸ்டரும் ஒரு மல்டிமீட்டரும்தான். மூன்றுக்கும் கரண்ட் கொடுத்து உடலில் டெஸ்டர் வைத்தார். மூன்றிலும் எரிந்தது. மூன்றும் "பாடி" ஆகிவிட்டது, அதாவது காயில் உடலோடு ஒட்டிவிட்டது, மூன்றுக்கும் பழைய கம்பியை எடுத்துவிட்டுப் புதிதாகக் காயில் கட்டியே ஆகவேண்டும் என்று முடிவுக்கு வந்தார்.

முதல் முடிவு: மச்சு ஃபேன் காயில் கடைக்கு

அவர் பழக்கமாகப் போகும் காயில் கட்டும் கடை சிம்மக்கல் பக்கம். கடைக்காரர் நாற்பது வருடமாக இந்த வேலையில் இருப்பவர். கை சுத்தம், கணக்கு சுத்தம். மூன்றையும் ஒரே சமயத்தில் தூக்கிக்கொண்டு போக முடியாமல் மச்சு ஃபேனை மட்டும் முதலில் கொண்டுபோனார்.

அங்கே நடந்தது வழக்கமான முறை. காயில் தலைப்புகளை வரைந்து வைத்து, ஒரு செட்டை அறுத்து எண்ணி, நேரே மின்சாரம் பெறும் ரன்னிங் காயில், கெபாசிட்டர் வழியே பெறும் ஸ்டார்டிங் காயில் இரண்டுக்கும் சுற்று எண்ணிக்கையும் மைக்ரோமீட்டரில் கம்பியின் கேஜும் (பருமன்) எடுத்தார்கள். பழைய கம்பி பருத்தி நூல் சுற்றியது. அதன் மேல் ஏற்றியிருந்த வார்னிஷ் கல்லாக இறுகியிருந்தது. குறட்டில் இழுத்தால் வரவில்லை. ஸ்டேட்டர் மேல் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். ஆறியதும் கம்பி மொத்தமாகக் கழன்று வந்தது. காடியை, அதாவது ஸ்டேட்டரில் கம்பி உட்காரும் பள்ளங்களை, சுத்தம் செய்து, புதுக் காகிதம் வைத்து, எனாமல் கம்பியில் அதே சுற்று, அதே கேஜில் காயில் கட்டி, வார்னிஷ் பூசிக் கொடுத்தார்கள்.

பேரிங்கில் ஒரு சிக்கல் வந்தது. மேல் பேரிங்கின் உள்வட்டம் அரித்துக் குழி விழுந்திருந்தது. தண்டு 5/8 அங்குலம், அதாவது 15.875 மி.மீ. இன்றைய ஃபேன்களில் வரும் 6202 பேரிங்கின் துளை 15 மி.மீ. தண்டை லேத்தில் கடைந்து 15க்குக் கொண்டுவந்துவிடலாம் என்று கடைக்காரர் சொன்னார். சேகரிப்பாளர் மறுத்தார்: "அண்ணே, கடைஞ்சது கடைஞ்சதுதான், திரும்ப ஒட்ட வைக்க முடியாது. நான் அளவுப் பேரிங் தேடிப் பாக்குறேன்." இங்கிலாந்து மில் மெஷின்களுக்காக அங்குல அளவுப் பேரிங் வைத்திருக்கும் கடை மதுரையில் இன்னும் உண்டு. ஆர்.எல்.எஸ். 5 என்ற எண்ணில் அதே அளவு கிடைத்தது. பழைய மோட்டாரில் இயந்திரப் பாகம் எதையும் மாற்றும் முன் அங்குல ஸ்கேலை வைத்துப் பார்ப்பது நல்லது. மி.மீட்டரில் ஒட்டாத எண் அங்குலத்தில் சரியாக உட்காரும்.

மச்சு ஃபேன் ஓடியது. சத்தமில்லை, காற்றும் தாராளம். இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு உடலில் கை வைத்தவர் எடுத்துவிட்டார். அவ்வளவு சூடு. கடைக்காரர் வந்து பார்த்து, கெபாசிட்டரை மாற்றி, இணைப்பைச் சரிபார்த்தும் சூடு குறையவில்லை. அந்தக் கட்டத்தில்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

இரண்டாவது முடிவு: மற்ற இரண்டையும் முதலில் அளப்பது

மச்சு ஃபேனைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கச் சொன்னேன். மற்ற இரண்டும் கடைக்குப் போகவில்லை என்பது அதிர்ஷ்டம். அவை ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

டெஸ்டர் எரிவதற்கு மிகச் சிறிய மின்னோட்டம் போதும். காயில் உடலோடு நேரே ஒட்டிக்கொண்டாலும் எரியும். ஈரத்தில் லேசாகக் கசிந்தாலும் எரியும். இரண்டுக்கும் வித்தியாசம் அதற்குத் தெரியாது. அதைப் பிரிக்க எளிய வழி சீரிஸ் லேம்ப்: காயிலுக்கும் உடலுக்கும் நடுவே ஒரு 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் போடுவது. முன்னறை ஃபேனில் பல்பு பளிச்சென்று எரிந்தது. பட்டாசாலை ஃபேனில் இழை சிவக்கக்கூட இல்லை.

அடுத்து 500 வோல்ட் மெக்கர்: காயிலுக்கும் உடலுக்கும் இடையே மின்சாரம் கசியாமல் தடுக்கும் காப்பு எவ்வளவு தாங்குகிறது என்று மெகாஓமில் காட்டும் கருவி, எண் கூடக் கூட நல்லது. பட்டாசாலை ஃபேன் 0.2 மெகாஓம் காட்டியது. 230 வோல்ட்டில் இதன் வழியே கசிவது ஒரு மில்லிஆம்பியரைக் கொஞ்சம் தாண்டும். கை உணரும் அளவு ஏறக்குறைய அங்கேதான் ஆரம்பிக்கிறது. பேரனிடம் கேட்டபோது, ஒட்டடை அடிக்க ஏணியில் ஏறி ஃபேனைத் தொட்டால் "சுருக்குன்னு இருக்கும்" என்று அப்பத்தா எப்போதோ சொன்னதாக நினைவுகூர்ந்தார். கசிவு சாய்ப்பில் கிடந்த காலத்தில் மட்டும் வந்ததல்ல. தொங்கிக்கொண்டிருந்தபோதே இருந்திருக்கிறது.

எங்கே கசிகிறது என்று பார்க்க, காயிலிலிருந்து தண்டு வழியே மேலே வரும் வயரைப் பிரித்தோம். பழைய ரப்பர் வயர். விரலில் உருட்டினால் தூளாக உதிர்ந்தது. தண்டுக்குள் அது வளையும் இடத்தில் செம்பே தெரிந்தது. வயரைக் கழற்றியதும் மெக்கர் 0.6 காட்டியது. அதாவது கோளாறில் பெரும்பங்கு காயிலில் இல்லவே இல்லை. இந்த வகை மோட்டாருக்கு 1 மெகாஓமாவது இருக்கவேண்டும் என்பது கைக்கணக்கு. மிச்சத்துக்கு ஈரம்தான் காரணமா, பருத்தியே மக்கிவிட்டதா என்பது உலர்த்தினால் தெரியும்.

காயிலின் நிலையை அறிய இன்னொரு சோதனையும் செய்தோம். பட்டாசாலை ஃபேனின் ரன்னிங் காயில் 62.0 ஓம். முன்னறை ஃபேனில் ரன்னிங் ஏறக்குறைய அதே அளவு. ஸ்டார்டிங் காயிலோ பட்டாசாலையினதைவிட மிகக் குறைவு. சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி உருகியிருக்கின்றன. அதற்குக் காயில் கட்டித்தான் தீரவேண்டும். இரட்டைப் பிறவிகள் போல இரண்டு ஃபேன் பக்கத்தில் இருந்தால் இப்படி ஒன்றை வைத்து மற்றதை எடைபோடலாம். ஒற்றையாக வாங்குகிறவர்களுக்கு இந்த வசதி இல்லை.

பட்டாசாலை ஃபேனை உலர்த்தியது

ஒரு தகர டிரங்குப் பெட்டி, அதில் இரண்டு 60 வாட் குண்டு பல்பு. கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்ட இன்னும் இந்தப் பல்பு விற்கிறார்கள். மூடியில் ஈரம் வெளியேற ஓட்டைகள், பக்கத்தில் ஒரு வெப்பமானி. 70 முதல் 75 டிகிரிக்குள் நிறுத்தினோம். 80ஐத் தாண்டவிடவில்லை. அவசரப்பட்டுச் சூடேற்றினால் உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகிப் பழைய வார்னிஷைப் பிளந்துவிடும்.

சூடேற ஏற மெக்கர் அளவு இறங்கியது. 0.6ல் இருந்தது சில மணி நேரத்தில் 0.1க்குக் கீழே போனது. சேகரிப்பாளர் கலங்கிவிட்டார், "காயிலுக்கே கொடுத்துரலாமா?" என்று கேட்டார். இது எதிர்பார்த்ததுதான். சூடு ஏறினால் காப்புப் பொருளின் எதிர்ப்பே குறையும், பத்து டிகிரிக்கு ஏறக்குறையப் பாதியாகும். அதோடு ஓரிடத்தில் தேங்கிய ஈரம் கலைந்து பரவவும் செய்யும். இறங்கி, அங்கேயே சிறிது நேரம் நின்று, பிறகு ஏற ஆரம்பிக்கும். ஏறாமலே கிடந்தால்தான் கவலைப்படவேண்டும். மறுநாள் மாலை முள் நகர ஆரம்பித்தது. அந்த வாரக் கடைசியில் சூட்டிலேயே 40ஐத் தொட்டது. ஆறியபின் 100ஐத் தாண்டியது. பங்குனி மாதத்து மதுரைக் காற்றும் ஒத்துழைத்தது. இதையே கார்த்திகையில் செய்திருந்தால் வெளியே எடுத்த கையோடு மறுபடி ஈரம் இழுத்திருக்கும்.

சூடு இருக்கும்போதே காற்றில் உலரும் காப்பு வார்னிஷைத் தூரிகையால் ஊட்டினோம். காயில் தலைப்புகளை வளைக்கவோ நகர்த்தவோ இல்லை. அந்தப் பருத்தி ஒருமுறை மடங்கினால் உடைந்துவிடும். புது வயரை, கண்ணாடி இழைக் குழாய் போர்த்தி, பழைய தலைப்பு இருந்த வாக்கிலேயே பற்றவைத்தோம். கெபாசிட்டர் அளந்தால் 1.1தான் இருந்தது. அதே 2 மைக்ரோஃபாரடில், 440 வோல்ட் தாங்கும் புதியது போட்டோம். வேகம் கூடட்டும் என்று 3.15 போடச் சொல்கிறவர்கள் உண்டு. அந்தக் கூடுதலைச் சுமப்பது ஸ்டார்டிங் காயில்தான். கழற்றிய பழைய கெபாசிட்டரை உடைத்துப் பார்க்கவேண்டாம் என்று சொல்லித் தனியே மூடி வைத்தோம். அந்தக் காலத்துக் கெபாசிட்டர் எண்ணெய்களில் பி.சி.பி. என்னும் நச்சு இருந்திருக்கலாம்.

பேரிங்கில் குழி எதுவும் இல்லை. மண்ணெண்ணெயில் கழுவி லித்தியம் கிரீஸ் வைத்ததும் கரகரப்பு போயிற்று. பெயின்டை உரிக்கவில்லை. பழைய பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உப்புத்தாள் போட்டு உலரத் தேய்த்தால் தூள் வீடு முழுக்கப் பறக்கும். பலகைக்கு மேல் இருந்ததை மட்டும் ஈரத்துணி வைத்துச் சுரண்டினோம். அந்தப் பச்சை நிறத்தைத்தான் வீட்டுக்காரர்களுக்கும் அடையாளம் தெரியும்.

முன்னறை ஃபேன்: தீ வைக்காமல் கழற்றியது

இதற்குள் மச்சு ஃபேனின் சூட்டுக்குக் காரணம் தீதான் என்ற சந்தேகம் எனக்கு வலுத்திருந்தது. ஸ்டேட்டர் ஒரே இரும்புக் கட்டி போலத் தெரிந்தாலும் மெல்லிய தகடுகளை அடுக்கிச் செய்தது. பழைய மோட்டார்களில் தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே வார்னிஷோ மெல்லிய காகிதமோதான் காப்பு. திறந்த தீயில் அது கருகினால் தகடுகள் ஒன்றோடொன்று மின்தொடர்பு கொண்டுவிடும். காந்தப்புலம் மாறும்போதெல்லாம் இரும்புக்குள்ளேயே சுழல் மின்னோட்டம் ஓடும். வேலைக்குப் பயன்படாமல் சூடாகவே போகும் மின்சாரம் அது. காயிலை எத்தனை நேர்த்தியாகக் கட்டினாலும் இது மாறாது.

எனவே முன்னறை ஃபேனை அதே கடைக்குக் கொண்டுபோய், தீ வைக்காமல் கழற்ற முடியுமா என்று கேட்டோம். கடைக்காரருக்கு முதலில் சங்கடம். "நாப்பது வருசமா கொளுத்தித்தான் சார் எடுக்குறோம். எல்லா ஃபேனும் ஓடிட்டுத்தானே இருக்கு?" என்றார். நியாயமான கேள்விதான். 75 வாட் ஃபேன் 85 வாட் இழுத்தால் யார் வீட்டில் அளக்கிறார்கள்? ஒரு நாளில் கைநிறைய ஃபேன்களை முடித்தால்தான் கூலி கட்டுப்படியாகும் தொழிலில், ஒரு ஸ்டேட்டருக்கு ஒரு நாள் செலவழிக்கச் சொல்வது சுலபமல்ல. கூடுதல் கூலிக்குப் பேசி முடித்தோம்.

ஒருபக்கத்துக் காயில் தலைப்பை உளியால் சீராக வெட்டினார்கள். பவுடர் கோட்டிங் போடும் பட்டறை ஒன்றில், அவர்கள் அடுப்பு காலியாக இருந்த நேரத்தில், 200 டிகிரியில் வைத்து எடுத்தோம். அந்தச் சூட்டில் தகட்டுக் காப்பு சேதமாகாது. கம்பியைப் பிடித்திருந்த வார்னிஷ் மட்டும் இளகும். சூடு ஆறும் முன்பே மறுபக்கத்திலிருந்து குறட்டால் இழுத்தார்கள். சில காடிகளில் கம்பி அறுந்து, கொக்கி வைத்துத் தோண்ட வேண்டியிருந்தது. கை வலிக்கும் வேலை. பிறகு சுற்று, கேஜ், காகிதம், வார்னிஷ் எல்லாம் மச்சு ஃபேனுக்குச் செய்தது போலவே, அதே கைகள்தான்.

மூன்றையும் ஒப்பிட்டது

சித்திரையில், ஒரே அறையில், ஒரே ஸ்டெபிலைசரிலிருந்து 230 வோல்ட் கொடுத்து, முழு வேகத்தில் ஒவ்வொன்றாக ஓட்டினோம். காலையில் அறையின் வெப்பம் 32 டிகிரி.

பட்டாசாலை ஃபேன் 88 வாட் இழுத்தது, முன்னறை 91, மச்சு 118. வேகத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

அந்த 30 வாட் எங்கே போகிறது என்பதை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தோம். பேரிங் இறுக்கமா? சுவிட்சை அணைத்தபின் இறக்கை நிற்க எடுத்துக்கொண்ட நேரம் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே. இறக்கைக் கோணத்தில் மாற்றமா? இறக்கைகளைக் கழற்றிவிட்டு ஓட்டினால் 51, 54, 80 என்று வந்தது. அப்போதும் அதே இடைவெளி. காயில் எதிர்ப்பா? ஆறிய நிலையில் மூன்றின் ரன்னிங் காயிலும் 61 ஓமுக்கும் 62 ஓமுக்கும் இடையில்தான். மிச்சம் இருப்பது இரும்பு.

உள்ளே காயில் எவ்வளவு சூடாகிறது என்பதை உடலில் கை வைத்துச் சொல்ல முடியாது. செம்பின் எதிர்ப்பு வெப்பத்தோடு கூடும் கணக்கைப் பயன்படுத்தினோம். சில மணி நேரம் ஓடவிட்டு, நிறுத்தி, கெபாசிட்டரின் மின்னூட்டத்தை இறக்கி, உடனே அளந்ததில் பட்டாசாலை ஃபேன் 62.0லிருந்து 73.2 ஓமுக்கு ஏறியிருந்தது: 80 டிகிரி. முன்னறை ஃபேன் 83 டிகிரி. மச்சு ஃபேன் 61.4லிருந்து 78.0: கணக்குப்படி 104 டிகிரி.

பருத்தியும் காகிதமும் வார்னிஷும் கொண்ட பழைய காப்புக்கு வரம்பு 105 டிகிரி. மதுரையில் சித்திரை வெயில் 40ஐத் தொடும் நாளில் பட்டாசாலை ஃபேன் 88 வரை போகலாம், வரம்புக்குள்தான். மச்சு ஃபேன் 110ஐத் தாண்டும். அதில் இப்போது இருப்பது இன்றைய எனாமல் கம்பி, அதற்குமேலும் தாங்கும் என்பதால் உடனே எரிந்துவிடாது. ஆனால் பேரிங் கிரீஸ் சீக்கிரம் உலரும், காடிக் காகிதம் சீக்கிரம் நொறுங்கும்.

மச்சு ஃபேனுக்கும் ஈரம்தான் கோளாறாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. அதே சாய்ப்பில் அதே மழையில் கிடந்தது, கருகல் வாடை இல்லை, டெஸ்டர் எரிந்ததைத் தவிர அதற்கு எதிரான சாட்சியும் இல்லை. நிரூபிக்க வழியில்லை, பழைய கம்பி அன்றைக்கே எடைக்குப் போய்விட்டது.

தொங்கவிட்டது

இந்தப் பகுதியில்தான் நாங்கள் அதிகம் விவாதித்தோம். கோளாறான மோட்டார் நின்றுபோகும், அவ்வளவே. கொக்கி விட்டுப்போனால் கீழே படுத்திருப்பவரின் உயிர் போகும். பட்டாசாலை ஃபேன் 14 கிலோ. இன்றைய சாதாரண ஃபேனைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. கொக்கியில் மாட்டும் மேல் ஷேக்கிளில் இருந்த ரப்பர் கல்லாகி வெடித்திருந்தது. போல்ட் கழலாமல் தடுக்கும் ஸ்ப்லிட் பின் இருக்கவேண்டிய இடத்தில் யாரோ ஒரு ஆணியை வளைத்துச் செருகியிருந்தார்கள். எத்தனை வருடம் அந்த ஆணியின் தயவில் அது தொங்கியதோ.

பழைய வீட்டின் உயரத்துக்கு நான்கடித் தண்டு. புது வீட்டில் தரைக்கும் கூரைக்கும் பத்தடிதான். இறக்கை தரையிலிருந்து எட்டடிக்குக் கீழே வரக்கூடாது. பழைய தண்டை வெட்டச் சொன்னார் பேரன். சேகரிப்பாளர் சம்மதிக்காமல், செல்லூரில் ஒரு லேத் பட்டறையில் புதிதாக ஓரடித் தண்டு செய்து, மரைக்குக் குறுக்கே பூட்டு போல்ட்டும் போட்டுக் கொடுத்தார். பழைய தண்டை ஃபேனுடையது என்று எழுதிக் கட்டி அவர்களிடமே கொடுத்துவிட்டார். புது ரப்பர், இரட்டை நட்டு, ஸ்ப்லிட் பின். இவை போதாதென்று கொக்கியிலிருந்து மோட்டார் உடலுக்கு ஒரு எஃகு வடமும் கட்டினோம். தண்டு விட்டாலும் அது பிடிக்கும்.

அடுக்குமாடியின் ஃபேன் பாக்ஸ் கொக்கியை நம்பத் தயாராக இல்லை. இரண்டு 25 கிலோ அரிசி மூட்டைகளை அதில் ஓர் இரவு முழுக்கத் தொங்கவிட்டோம். அப்பத்தா அன்று அடுத்த அறையில் படுத்துக்கொண்டார். காலையில் கொக்கி இம்மியும் நகரவில்லை, சிமென்டில் கீறலும் இல்லை.

பழைய வயரிங்கில் எர்த் கிடையாது. புதிய இணைப்பில் உடலுக்குப் பச்சை வயர் இழுத்து எர்த் கொடுத்தோம். இரும்பு உடல் கொண்ட எந்தப் பழைய சாமானுக்கும் இதில் விலக்குத் தரக்கூடாது என்பது என் கருத்து.

விளைவு

பட்டாசாலை ஃபேன் அந்தக் கோடை முழுக்க ஓடியது. மழைக்காலம் முடிந்ததும் போய் மெக்கர் வைத்துப் பார்த்தேன். 60 மெகாஓமுக்கு மேல் நின்றது. மின்சாரச் செலவைப் பேரனிடம் முன்பே சொல்லியிருந்தோம்: நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 53 யூனிட். அரசு தரும் 100 இலவச யூனிட்டில் பாதிக்கு மேல் இந்த ஒரு ஃபேனே தின்றுவிடும். அதே நேரத்துக்கு, குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது பி.எல்.டி.சி. வகை ஃபேன் 20 யூனிட்டைச் சுற்றித்தான் எடுக்கும். அப்பத்தா பகலில் படுக்கும் நேரத்துக்கு மட்டும் இதைப் போடுவது, இரவுக்கு வேறு ஃபேன் என்று அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

முன்னறை ஃபேன் சேகரிப்பாளர் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. மச்சு ஃபேனையும் அவர் வைத்திருக்கிறார். தகடுகளைப் பிரித்து மறுபடி காப்பு ஏற்றலாமா என்று யோசித்தோம். ரிவெட் அடித்து இறுக்கிய அடுக்கு என்பதால் பிரித்தால் காடிகள் நேராக வராது என்று கைவிட்டோம். பழைய ரெகுலேட்டரில் இரண்டு கட்டை குறைத்து ஓட்டினால் மோட்டாருக்குப் போகும் வோல்ட்டேஜ் குறைகிறது, இரும்பு இழப்பும் அதோடு இறங்குகிறது. சூடு 80களுக்குள் வந்துவிடுகிறது. முழு வேகத்துக்குப் போகாதபடி குமிழின் அடியில் ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்.

மாற்றிக்கொண்டவை

சேகரிப்பாளர் சொந்தமாக ஒரு மெக்கர் வாங்கினார். வாடை, சீரிஸ் லேம்ப், வயரைப் பிரித்து மெக்கர், பிறகு உலர்த்தல் என்ற வரிசை முடியாமல் இப்போது எந்த ஃபேனும் அவர் வீட்டிலிருந்து காயில் கடைக்குப் போவதில்லை. அளந்த எண்களை ஒரு சீட்டில் எழுதிக் கிண்ணத்துக்குள் ஒட்டிவிடுகிறார். அடுத்து திறக்கிறவருக்கு உதவும்.

காயில் கடையில் அன்றாட வேலைக்கு இன்றும் மண்ணெண்ணெய்தான். வார்ப்பிரும்பு ஃபேன் வந்தால் மட்டும் "கொளுத்தவா, இழுக்கவா?" என்று கேட்டு, இரண்டுக்கும் தனித்தனிக் கூலி சொல்கிறார். மச்சு ஃபேனின் 118ஐயும் முன்னறையின் 91ஐயும் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார். கூலி ஏன் கூட என்று கேட்பவர்களுக்கு அதைக் காட்டுகிறார்.

என் பங்குக்கு ஒன்றை மாற்றுவேன். மச்சு ஃபேனைக் கழற்றும் முன் ஸ்டேட்டர் தகடுகளின் நிலையைப் பதிவு செய்யும் அளவு எதுவும் எடுக்கப்படவில்லை. அதனால் தீக்கு முன், தீக்குப் பின் என்று ஒரே ஸ்டேட்டரில் ஒப்பிட முடியாமல், அதன் உடன்பிறப்புகளோடுதான் ஒப்பிட முடிந்தது. இனி காயில் கழற்றப்போகும் ஒவ்வொரு ஃபேனிலும், ஓடக்கூடிய நிலையில் இருந்தால், இறக்கை இல்லாமல் எத்தனை வாட் இழுக்கிறது என்பதை முதலிலேயே குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.